லாடெக்கில் நிமிர்ந்த கிரேக்க எழுத்துகள்

லாடெக்கில் நிமிர்ந்த கிரேக்க எழுத்துகள் என்பது, லாடெக் ஆவண உருவாக்க முறைமையில் சிறிய கிரேக்க எழுத்துகளைச் சாய்வாக அல்லாமல் நேராக நிற்கும் வடிவில் அச்சுக்கோக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். லாடெக்கின் இயல்பான கணித எழுத்துருக்களில் சிறிய கிரேக்க எழுத்துகள் சாய்ந்த வடிவில் மட்டுமே உள்ளன. ஆனால் அலகுகள், கணித மாறிலிகள், அடிப்படைத் துகள்கள் ஆகியவற்றின் குறியீடுகள் நிமிர்ந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது அறிவியல் எழுத்துக்கான பன்னாட்டு மரபு. இதனால் இவ்வெழுத்துகளைத் தனிப் பொதிகளின் துணையுடன் பெற வேண்டியுள்ளது.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்களும் பொதிகளின் பெயர்களும் தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கணினியில் உள்ளிடும்போது அவற்றை இலத்தீன் எழுத்துகளில் எழுதி, கட்டளைகளுக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு இட வேண்டும்.

பொருள் வேறுபாடு

அறிவியல் எழுத்தில் ஓர் எழுத்தின் சாய்வு அழகுக்காக இடப்படுவதன்று. அது பொருளை வேறுபடுத்துகிறது. பன்னாட்டுச் சீர்தர நிறுவனத்தின் 80000 எண்ணுள்ள சீர்தரமும், பன்னாட்டு அலகு முறைமையின் கையேடும் பின்வரும் பொது விதிகளைத் தருகின்றன.

• இயற்பியல் அளவுகளின் குறியீடுகள் சாய்ந்த எழுத்தில் அமையும். உராய்வுக் குணகத்தைக் குறிக்கும் மியூ, அலைநீளத்தைக் குறிக்கும் இலாம்டா, அடர்த்தியைக் குறிக்கும் ரோ ஆகியன இவ்வகையின.
• அலகுகளும் அவற்றின் முன்னொட்டுகளும் நிமிர்ந்த எழுத்தில் அமையும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் மைக்ரோ முன்னொட்டின் மியூவும், மின்தடை அலகான ஓமின் பெரிய ஒமேகாவும் இவ்வகையின. பன்னாட்டு அலகு முறைமையின் முன்னொட்டுகளுள் இலத்தீன் எழுத்தில் அமையாதது மைக்ரோ ஒன்றே.
• மதிப்பு என்றும் மாறாத கணித மாறிலிகள் நிமிர்ந்த எழுத்தில் அமையும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பை இதற்கு எடுத்துக்காட்டு.
• அடிப்படைத் துகள்களின் குறியீடுகளும் கதிர்வீச்சு வகைகளின் குறியீடுகளும் நிமிர்ந்த எழுத்தில் அமையும். ஆல்பா துகள், காமாக் கதிர், மியூவான், பையான் ஆகியன இவ்வகையின.

இயற்பியல் மாறிலிகள் இவ்விதிகளின்படி இயற்பியல் அளவுகளாகவே கருதப்படுகின்றன. எனவே இசுட்டெபான்-போல்ட்சுமான் மாறிலியைக் குறிக்கும் சிக்மா சாய்ந்தே இருக்கும். பை நிமிர்ந்து இருக்கும். மாறிலிகள் அனைத்தையும் நிமிர்த்திவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழையாகும்.

ஒரே எழுத்து ஒரே பக்கத்தில் மூன்று பொருள்களில் வரக்கூடும் என்பதற்கு மியூவான் நல்ல எடுத்துக்காட்டு. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்சு-3 ஆய்வுக்கூடம், அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் மியூவான்களை அளவிடுகிறது. 2014 திசம்பர் 1 அன்று கடந்து சென்ற இடிமேகம் ஒன்றில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட்டு மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டு இக்குழுவினர் கணித்து 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துறையின் கட்டுரைகளில் மியூவானின் குறியீடு நிமிர்ந்த மியூ. அதன் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 2.2 மைக்ரோநொடி, இங்கு முன்னொட்டும் நிமிர்ந்த மியூ. ஆனால் மியூவானின் காந்தத் திருப்புத்திறனைக் குறிப்பது, நிமிர்ந்த மியூவைக் கீழ்க்குறியாகக் கொண்ட சாய்ந்த மியூ ஆகும். முதல் எழுத்து அளவையும், கீழ்க்குறி அவ்வளவு எதற்குரியது என்பதையும் சொல்கின்றன. இரண்டும் ஒரே சாய்வில் அச்சானால் குறியீடு பொருளற்ற இரட்டிப்பாகத் தோன்றும்.

வரலாறு

லாடெக்குக்கு அடிப்படையான டெக் அச்சுக்கோப்பு மொழியை, அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத் உருவாக்கினார். தம் நூல் ஒன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் தரம் மனநிறைவு அளிக்காததால் 1977 ஆம் ஆண்டில் அவர் இப்பணியைத் தொடங்கினார். டெக்குடன் பயன்படுத்துவதற்காகக் கம்ப்யூட்டர் மாடர்ன் என்னும் எழுத்துருக் குடும்பத்தையும் அவரே வடிவமைத்தார். டெக்கின் மீது அமைந்த லாடெக்கை லெசுலி லாம்போர்ட் 1980களின் முற்பகுதியில் உருவாக்கினார். இன்று வழங்கும் லாடெக் 2ஈ பதிப்பு 1994 ஆம் ஆண்டில் வெளியானது.

தொடக்ககால டெக் எழுத்துரு ஒன்றில் 128 வடிவங்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அமெரிக்கக் கணித நூல்களில் மாறிகளைச் சாய்வெழுத்தில் அச்சிடும் வழக்கத்துக்கு ஏற்ப, சிறிய கிரேக்க எழுத்துகள் கணிதச் சாய்வெழுத்துருவில் சேர்க்கப்பட்டன. பெரிய கிரேக்க எழுத்துகள் 24-இல் 13 எழுத்துகள் இலத்தீன் எழுத்துகளைப் போன்ற தோற்றம் உடையவை. எனவே எஞ்சிய 11 எழுத்துகள் மட்டும், நிமிர்ந்த வடிவில் வழக்கமான உரை எழுத்துருவிலும் சாய்ந்த வடிவில் கணித எழுத்துருவிலும் இடம்பெற்றன. இதே காரணத்தால் சிறிய ஓமிக்ரானுக்குக் கட்டளையே தரப்படவில்லை. இலத்தீன் எழுத்தே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வமைப்பின் விளைவாக, லாடெக்கின் இயல்பு நிலையில் பெரிய கிரேக்க எழுத்துகள் நிமிர்ந்தும் சிறியவை சாய்ந்தும் அச்சாகின்றன. இது எந்தப் பன்னாட்டுச் சீர்தரத்தையும் பின்பற்றியதன்று. பிரான்சின் அச்சு மரபில் கிரேக்க எழுத்துகள் அனைத்தும் நிமிர்ந்தே வருகின்றன. அமெரிக்கக் கணித இதழ்களிலோ பையும் சாய்ந்தே வருவது வழக்கம்.

கட்டளையால் நிமிர்த்த இயலாமை

இலத்தீன் எழுத்துகளைக் கணித நிலையில் நிமிர்த்துவதற்கு 'மேத்-ஆர்எம்' என்னும் கட்டளை உள்ளது. இதனைச் சிறிய மியூவுக்கோ பைக்கோ பயன்படுத்தினால் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை.

இதற்குக் காரணம் டெக் கணிதக் குறிகளை வகைப்படுத்தும் முறையாகும். ஒவ்வொரு கணிதக் குறிக்கும் ஒரு வகை எண், ஓர் எழுத்துருக் குடும்ப எண், அக்குடும்பத்தில் ஓர் இட எண் ஆகிய மூன்றும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஏழாம் வகையைச் சேர்ந்த குறிகள் மட்டுமே, அப்போது நடப்பில் உள்ள எழுத்துருக் குடும்பத்துக்கு மாறக்கூடியவை. இலத்தீன் எழுத்துகளும் பெரிய கிரேக்க எழுத்துகளும் இவ்வகையில் உள்ளன. சிறிய கிரேக்க எழுத்துகளோ கணிதச் சாய்வெழுத்துருவுடன் நிலையாகப் பிணைக்கப்பட்டவை. மேலும், உரை எழுத்துருவில் அந்த இடங்களில் கிரேக்க எழுத்துகள் இல்லை. குடும்பத்தை வலிந்து மாற்றினாலும் தொடர்பற்ற வேறு வடிவங்களே கிடைக்கும். எனவே நிமிர்ந்த வடிவங்களைக் கொண்ட வேறோர் எழுத்துருவை அழைப்பதே தீர்வாகும்.

பொதிகள்

அப்கிரீக்: வால்ட்டர் சுமிட் உருவாக்கிய இப்பொதி கணித நிலையில் மட்டும் செயற்படுவது. ஆங்கிலத்தில் 'மேல்' எனப் பொருள்படும் 'அப்' என்னும் ஈரெழுத்துச் சொல்லை ஒவ்வோர் எழுத்தின் பெயருக்கும் முன்னால் ஒட்டினால் நிமிர்ந்த வடிவம் கிடைக்கும். 'மியூ' சாய்ந்த மியூவையும் 'அப்மியூ' நிமிர்ந்த மியூவையும் தரும். இயல்பாக இப்பொதி ஆய்லர் எழுத்துருவிலிருந்து வடிவங்களைப் பெறுகிறது. ஆய்லர், எர்மான் சாப் என்னும் செருமானிய எழுத்துரு வடிவமைப்பாளர் குனூத்தின் ஒத்துழைப்புடன் அமெரிக்கக் கணிதக் கழகத்துக்காக வடிவமைத்தது. கணிதவியலாளர் ஒருவரின் சீரான கையெழுத்தை ஒத்திருப்பது. ஆவணத்தின் உரை டைம்சு எழுத்துருவில் இருந்தால், பொதியை அழைக்கும்போது சிம்பல் என்னும் விருப்பத்தைத் தருவது பொருத்தமான தோற்றத்தைத் தரும்.

எசுஐயூனிட்எக்சு: ஜோசப் ரைட் உருவாக்கி 2008 முதல் வழங்கிவரும் இப்பொதி, எண்களையும் அலகுகளையும் முறைப்படி அச்சிடுகிறது. எழுதுபவர் அலகின் பெயரை மட்டும் தந்தால் போதும். மியூவை நிமிர்த்துவது, எண்ணுக்கும் அலகுக்கும் இடையே உரிய இடைவெளி விடுவது, வரி இறுதியில் அவை பிரியாமல் காப்பது ஆகியவற்றைப் பொதியே செய்கிறது. அலகுகள் மிகுந்த ஆவணங்களுக்கு இதுவே பரிந்துரைக்கத்தக்கது. 2021 ஆம் ஆண்டில் வெளியான மூன்றாம் பதிப்பில் முதன்மைக் கட்டளைகளின் பெயர்கள் மாறியுள்ளதால், பழைய எடுத்துக்காட்டுகளைப் பின்பற்றுவோர் பதிப்பைச் சரிபார்ப்பது நன்று.

சென்சிம்ப்: அப்கிரீக்குடன் ஒரே தொகுதியில் வழங்கப்பட்ட இப்பொதி மைக்ரோ, ஓம், பாகை போன்ற சில குறிகளை மட்டும் தருகிறது. இவை உரை நிலை, கணித நிலை இரண்டிலும் செயற்படும்.

டெக்சுட்கோம்ப்: உரை நிலையில் பயன்படும் 'டெக்சுட்மியூ' என்னும் கட்டளையைத் தருவது. 2020 முதல் இது லாடெக்கின் கருவிலேயே சேர்க்கப்பட்டுள்ளதால் தனியே அழைக்க வேண்டியதில்லை. இக்கட்டளை சுற்றியுள்ள உரையின் வடிவத்தைப் பின்பற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தேற்றங்களின் கூற்றுகள் சாய்வெழுத்தில் அமையும் ஆவணங்களில், இம்முறையில் எழுதப்பட்ட மைக்ரோவும் சாய்ந்துவிடும்.

எழுத்துருப் பொதிகள்: டிஎக்சு-பான்ட்சு, நியூ-டிஎக்சு போன்ற கணித எழுத்துருப் பொதிகள் தமக்கென நிமிர்ந்த வடிவங்களைக் கொண்டுள்ளன. இவற்றில் 'அப்' என்பது எழுத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டப்படுகிறது. உரையும் கணிதமும் ஒரே எழுத்துருக் குடும்பத்தில் அமைவதால் கோடுகளின் தடிப்பு ஒத்திருக்கும்.

ஒருங்குறியும் புதிய டெக் பொறிகளும்

ஒருங்குறியில் கிரேக்க எழுத்துகளுக்கெனத் தனித் தொகுதி உள்ளது. 2001 ஆம் ஆண்டில் வெளியான 3.1 பதிப்பில், கணிதத்துக்குரிய சாய்ந்த கிரேக்க எழுத்துகளும் தடித்த கிரேக்க எழுத்துகளும் தனிக் குறியெண்களுடன் சேர்க்கப்பட்டன. இதனால் நிமிர்ந்த மியூவும் சாய்ந்த மியூவும் ஒரே எழுத்தின் இரு தோற்றங்களாக அல்லாமல் இரு வேறு குறிகளாகவே கணினியில் பதியப்பட வழி ஏற்பட்டது.

ஜோனத்தன் கியூ 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட சீடெக், பின்னர் வந்த லுவாடெக் ஆகிய பொறிகள் ஒருங்குறியை நேரடியாகக் கையாள்கின்றன. இவற்றுக்கென வில் ராபர்ட்சன் உருவாக்கிய யூனிகோட்-மேத் பொதி, 'சிம்-அப்' என்னும் கட்டளையின் வழியாக எந்தக் கிரேக்க எழுத்தையும் நிமிர்த்துகிறது. ஆவணம் முழுவதற்குமான பாணியையும் ஒரே விருப்பத்தால் தெரிவு செய்யலாம்.

• டெக் பாணி: பெரிய கிரேக்க எழுத்துகள் நிமிர்ந்தும், ஏனைய கிரேக்க, இலத்தீன் எழுத்துகள் சாய்ந்தும் வரும்.
• சீர்தரப் பாணி: இலத்தீன், கிரேக்க எழுத்துகள் அனைத்தும் சாய்ந்து வரும், நிமிர வேண்டியவற்றை எழுதுபவர் குறிக்க வேண்டும்.
• பிரெஞ்சுப் பாணி: சிறிய இலத்தீன் எழுத்துகள் மட்டும் சாய்ந்து வரும்.
• நிமிர்ந்த பாணி: அனைத்தும் நிமிர்ந்து வரும்.

எந்தப் பாணியும் எழுத்தின் பொருளை அறியாது. மியூ என்பது உராய்வுக் குணகமா மியூவானா என்பதை எழுதுபவரே சொல்ல வேண்டும்.

ஒருங்குறியில் மியூவுக்கு இரு குறியெண்கள் இருப்பதும் குறிப்பிடத்தக்கது. பதின்ம எண்ணில் 181 என்பது மைக்ரோ குறி. 956 என்பது கிரேக்கச் சிறிய மியூ. அவ்வாறே 937 என்பது கிரேக்கப் பெரிய ஒமேகா; 8486 என்பது ஓம் குறி. இவை பழைய குறிமுறைகளுடன் பொருந்துவதற்காக வைக்கப்பட்டவை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினாலும், ஒன்றைக் கொண்டு தேடும்போது மற்றொன்று அகப்படாமல் போகலாம்.

எழுத்துரு மாற்றத்தால் நேரும் பிழைகள்

நிமிர்ந்த மியூ கிடைக்காதபோது, சொற்செயலிகளில் சிம்பல் எழுத்துருவைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருந்தது. இவ்வெழுத்துருவில் ஆங்கில 'எம்' விசையின் இடத்தில் மியூவும், 'டபிள்யூ' விசையின் இடத்தில் ஒமேகாவும் உள்ளன. கோப்பு வேறொரு கணினிக்குச் சென்று எழுத்துரு மாறினால், மியூ இருந்த இடத்தில் 'எம்' தோன்றும். அப்போது மைக்ரோகிராம் மில்லிகிராமாக மாறிவிடும். ஓம் வாட்டாக மாறிவிடும். சொற்பிழை என்றால் வாசகர் கண்டுகொள்வார். இங்கோ கிடைப்பது மற்றொரு சரியான அலகு என்பதால், பிழை நேர்ந்ததற்கான அடையாளமே இருக்காது.

தமிழ்க் கணினிப் பயனர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்ட தமிழ் உரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றியதை 1990களிலும் 2000களிலும் பலர் கண்டுள்ளனர். அங்கு உரை படிக்க இயலாததாக ஆனதால் பிழை உடனே தெரிந்தது. மைக்ரோ மில்லியாக மாறும்போது அவ்வாறு தெரிவதில்லை.

இப்பிழையின் அளவு ஆயிரம் மடங்கு ஆகும். குடிநீரில் ஆர்செனிக்கின் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு மதிப்பு. இது 10 மில்லிகிராம் என அச்சானால் நச்சு நீரும் பாதுகாப்பான நீராகக் கருதப்படும். தைராய்டுக் குறைபாட்டுக்குத் தரப்படும் இலெவோதைராக்சின் மாத்திரைகள் 25, 50, 100 என மைக்ரோகிராம் அளவுகளில் வருகின்றன. இக்காரணத்தால், மருந்துச் சீட்டுகளில் மியூவைத் தவிர்த்து மைக்ரோகிராமை வேறு சுருக்கத்தால் எழுதுமாறு அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான நிறுவனம் பரிந்துரைக்கிறது. கையெழுத்தில் மியூ 'எம்' எனப் படிக்கப்படும் ஆபத்தும் இதற்குக் காரணமாகும். தமிழில் 'மி.கி.' என்பது மில்லிகிராமைக் குறிப்பதால், மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுச்சொல்லாக எழுதுவது பாதுகாப்பானது.

தமிழ் ஆவணங்களில்

டெக்கில் தமிழை அச்சிடுவதற்கு 1990களின் தொடக்கத்தில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமசு ரிட்சுவே உருவாக்கிய எழுத்துரு பயன்பட்டது. உரையை இலத்தீன் எழுத்துகளில் ஒலிபெயர்த்து உள்ளிட வேண்டியிருந்தது. சீடெக், லுவாடெக் ஆகியவை வந்த பின்னர் ஒருங்குறித் தமிழை நேரடியாக உள்ளிட இயல்கிறது. பாலிக்ளோசியா, பேபல் ஆகிய பொதிகள் தமிழுக்கு ஆதரவு தருகின்றன.

எனினும் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கிரேக்க எழுத்துகள் இல்லை. தமிழ் உரையின் நடுவே மியூவை நேரடியாகத் தட்டச்சிட்டால், அவ்விடத்தில் வெற்றுப் பெட்டியோ வெற்றிடமோ அச்சாகலாம். எடுத்துக்காட்டாக, பாக்கு நீரிணைக் கரையில் உள்ள மீமிசலில் எடுக்கப்படும் கடல்நீர் மாதிரி குறித்துத் தமிழில் ஓர் அறிக்கை எழுதப்படுவதாகக் கொள்வோம். கடல்நீரில் உள்ள பச்சையத்தின் அளவு வழக்கமாக லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் எனத் தரப்படும். எழுத்துருவில் மியூ இல்லாமல் அவ்விடம் வெறுமையாகிவிட்டால், லிட்டருக்கு இத்தனை கிராம் என்றே அது படிக்கப்படும். பிழை பத்து இலட்சம் மடங்காகும். 181 என்னும் மைக்ரோ குறியைச் சில தமிழ் எழுத்துருக்கள் கொண்டிருக்க, 956 என்னும் மியூ அவற்றில் இல்லாமல் இருக்கக்கூடும். எனவே ஒரு பக்கத்தில் சரியாக வந்த குறி, வேறொருவர் தட்டச்சிட்ட மற்றொரு பக்கத்தில் மறைந்துபோகலாம்.

அலகுகளைக் கட்டளைகளின் வழியாகக் கணித எழுத்துருவிலிருந்து பெறுவது இதனைத் தவிர்க்கும் வழியாகும். விடுபட்ட எழுத்துகளைக் கண்டறிய, 'டிரேசிங்-லாசுட்-கார்சு' என்னும் டெக் அளபுருவின் மதிப்பை 3 ஆக அமைக்கலாம். டெக் லைவ் 2021 முதல் இம்மதிப்பு, விடுபட்ட எழுத்து ஒவ்வொன்றையும் பதிவுக் கோப்பில் புதைந்துவிடும் எச்சரிக்கையாக அல்லாமல் பிழையாகவே அறிவிக்கிறது.

இந்தியாவில்

இந்திய டெக் பயனர் குழு 1998 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பன்னாட்டு டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002 செப்டம்பரில் அந்நகரில் நடைபெற்றது. 2011 ஆம் ஆண்டிலும் அங்கேயே நடைபெற்றது. இந்தியக் குழுவினர் 2003 ஆம் ஆண்டில் லாடெக் கற்போருக்கான பாடநூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டனர்.

சென்னை, புதுச்சேரி உள்ளிட்ட நகரங்களில் பன்னாட்டு ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்புப் பணி செய்யும் நிறுவனங்கள் பல உள்ளன. ஆசிரியர் அனுப்பும் கோப்பில் எல்லா மியூவும் சாய்ந்தே இருக்கும்போது, அவற்றுள் எது அலகு, எது துகள், எது அளவு எனப் பிரித்தறியும் பொறுப்பு மெய்ப்புத் திருத்துவோரிடம் வந்து சேர்கிறது. எண்ணை அடுத்து அலகுடன் வரும் மியூவை எளிதில் அறியலாம். கீழ்க்குறியாக வரும் மியூ துகளைக் குறிக்கிறதா, வரிசை எண்ணாக வரும் மாறியைக் குறிக்கிறதா என்பதை அத்துறை அறிந்தவரே சொல்ல இயலும். ஆசிரியரே முதலில் சரியான கட்டளையைப் பயன்படுத்துவது இதனால் வலியுறுத்தப்படுகிறது.

பயன்படுத்தும் முறை

• அலகுகளுக்கு எசுஐயூனிட்எக்சு போன்ற அலகுப் பொதியைப் பயன்படுத்த வேண்டும். மியூவைக் கையால் இடுவதைத் தவிர்க்க வேண்டும்.
• துகள்களுக்கும் கணித மாறிலிகளுக்கும் ஆவணத்தின் முகப்புப் பகுதியில் பொருள் சார்ந்த பெயருடன் புதிய கட்டளைகளை வரையறுக்கலாம். மியூவானுக்கு 'மியூவான்' என ஒரு கட்டளையை வரையறுத்தால், இதழின் பாணி மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும்.
• வெளியிடும் இதழ் எல்லாவற்றையும் சாய்வில் கேட்டால் அதனைப் பின்பற்றலாம். ஆனால் ஒரே ஆவணத்தில் ஒரே பொருளுக்கு இரு வடிவங்கள் வரலாகாது.
• அச்சுக்கு அனுப்பும் முன், இறுதிக் கோப்பில் எண்களை அடுத்து வரும் அலகுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. எழுத்துரு மாற்றத்தால் நேரும் பிழை மூலக் கோப்பில் தெரியாது.

இவற்றையும் பார்க்க

• கிரேக்க எழுத்துகள்
• லாடெக்
• டொனால்டு குனூத்
• பன்னாட்டு அலகு முறைமை
• ஒருங்குறி
• மியூவான்